அமைதிக்காக வாங்கிய தீவுகள்: ஜப்பானும் சீனாவும் ஏன் ஒன்றையொன்று நம்புவதில்லை?

2012 செப்டம்பர் 11 அன்று ஜப்பானிய அரசு, சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுக்கூட்டத்தில் மூன்று சிறு தீவுகளை 205 கோடி யென் கொடுத்து விலைக்கு வாங்கியது. சைத்தாமா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பெயரில் பட்டா இருந்த தீவுகள் அவை. அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. 2002 முதல் அரசே அவற்றைக் குத்தகைக்கு எடுத்து, யாரும் போய் இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டும்? சீனாவுடன் சண்டை வந்துவிடக் கூடாது என்பதற்காக.

அந்த ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ ஆளுநர் ஷிந்தாரோ இஷிஹாரா அந்தத் தீவுகளை மாநகர நிர்வாகமே வாங்கப் போவதாக அறிவித்திருந்தார். தீவிர தேசியவாதி அவர். பொதுமக்களிடம் நிதி கேட்டார். 140 கோடி யென்னுக்கு மேல் குவிந்துவிட்டது. தீவுகள் அவர் கைக்குப் போனால் அங்கே படகுத்துறை கட்டுவார், பெய்ஜிங் பொறுக்காது, கதை எங்கேயோ போய் முடியும் என்று பிரதமர் யோஷிஹிகோ நோடா அஞ்சினார். மத்திய அரசு வாங்கிவிட்டால் எதையும் கட்டாமல் அப்படியே வைத்திருக்கலாம் என்பது அவர் கணக்கு.

பெய்ஜிங் அதை அப்படிப் படிக்கவில்லை. ஆளுநர் ஒரு பக்கம் மிரட்டுகிறார், பிரதமர் மறுபக்கம் வாங்கிப் போடுகிறார், இருவரும் சேர்ந்தே நாடகம் ஆடுகிறார்கள் என்று படித்தது. செப்டம்பர் 9 அன்று விளாடிவோஸ்டாக் மாநாட்டில் அதிபர் ஹூ ஜிந்தாவ் நோடாவை நேரில் சந்தித்து, இந்தக் கொள்முதல் செல்லாது என்று எச்சரித்தார். இரண்டே நாளில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தம் அதிபரின் முகத்தில் அறைந்ததாகவே சீனர்கள் எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. சியான் நகரில் ஜப்பானியக் கார் ஓட்டிவந்த ஒருவரைக் கூட்டம் இழுத்துப் போட்டு மண்டையை உடைத்தது. அடித்தவர்களும் சீனர்கள், அடிபட்டவரும் சீனர். சிங்தாவ் நகரில் பானசோனிக் ஆலை சூறையாடப்பட்டது. 1978-ல் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் ஜப்பான் வந்தபோது அந்த நிறுவனத்தின் ஆலைக்கே போய், அதை நிறுவிய கோனோசுகே மாட்சுஷிதாவிடம் சீனாவின் நவீனமயத்துக்கு உதவுங்கள் என்று கேட்டார். அந்த அழைப்பின் பேரில்தான் பானசோனிக் சீனாவுக்குள் போனது.

நாடுகளுக்கு இடையிலான அவநம்பிக்கை என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சம்பவத்தை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அவநம்பிக்கை வேறு, பகை வேறு. பகையில் எதிராளி என்ன செய்வான் என்று தெரியும். அவநம்பிக்கையில் அவன் செய்வது எதுவாக இருந்தாலும் அதன் பின்னால் வேறொன்று இருப்பதாகத் தோன்றும். சர்வதேச உறவுகளைப் படிப்பவர்கள் 'பாதுகாப்பு இக்கட்டு' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு நாடு தற்காப்புக்காகப் படை பெருக்குகிறது. அண்டை நாட்டுக்கு அது தாக்குதலுக்கான ஆயத்தமாகத் தெரிகிறது. அதுவும் படை பெருக்குகிறது. அதைப் பார்த்து முதல் நாடு 'நாம் பயந்தது சரிதான்' என்று முடிவுகட்டுகிறது. இருவருமே நல்லெண்ணத்தோடு இருந்தாலும் இந்தச் சுழல் நிற்காது. ஜப்பான், சீனா விஷயத்தில் அது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. சமாதானத்துக்காகச் செய்த காரியமே சதியாகத் தெரிந்துவிட்டது.

இத்தனைக்கும் இவை ஒன்றையொன்று அண்டாத நாடுகள் அல்ல. ஜப்பானின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி சீனா. அதன் வெளிநாட்டு வர்த்தகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சீனாவுடன்தான். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் ஜப்பானில் வாழ்கிறார்கள். 2019-ல் மட்டும் 95 லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பயணிகள் ஜப்பானைச் சுற்றிப் பார்த்தார்கள். ஆனால் 2013-ல் இரு நாடுகளிலும் சேர்ந்து நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பில், மற்ற நாட்டைப் பற்றி நல்ல எண்ணம் இல்லை என்று சொன்னவர்கள் இரண்டு பக்கமும் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். கொடுக்கல் வாங்கல் பெருகினால் நம்பிக்கை தானே வளரும் என்ற பொதுவான நினைப்பு இங்கே பலிக்கவில்லை.

காயம் எங்கே தொடங்கியது?

1894-95 போரில் ஜப்பான் சீனாவைத் தோற்கடித்தது. ஷிமோனோசெகி உடன்படிக்கையில் தைவான் ஜப்பானுக்குப் போனது. அதோடு 20 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி நஷ்டஈடு. நூற்றாண்டுகளாகத் தன்னிடம் எழுத்தும் கலையும் கற்றுக்கொண்ட நாட்டிடம் தோற்றதைச் சீனா மறக்கவில்லை. 1931 செப்டம்பர் 18 அன்று மஞ்சூரியாவில் ஜப்பானிய ராணுவத்தினரே ரயில் பாதையில் குண்டு வைத்துவிட்டு, பழியைச் சீனர்கள் மேல் போட்டு, அந்தப் பகுதியைக் கைப்பற்றினார்கள். 1937 ஜூலையில் முழுப் போர். அந்த டிசம்பர் 13 அன்று சீனாவின் அன்றைய தலைநகர் நான்ஜிங் வீழ்ந்தது.

அடுத்த ஆறு வாரங்களில் நான்ஜிங்கில் நடந்ததுதான் இன்றுவரை ஆறாத புண். சரணடைந்த வீரர்களும் பொதுமக்களும் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். இறந்தவர்கள் மூன்று லட்சம் என்பது சீன அரசின் கணக்கு. போருக்குப் பிறகு நடந்த டோக்கியோ விசாரணை இரண்டு லட்சத்துக்கு மேல் என்றது. ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் பலர் அதைவிடக் குறைந்த எண்களைச் சொல்கிறார்கள். கொலைகளும் கொள்ளையும் நடந்ததை ஜப்பானிய அரசு மறுக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது. ஜப்பானில் ஒரு சிறு கூட்டம் அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று இன்றும் எழுதுகிறது. பாதிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைக்கு அரசின் நிலைப்பாடு காதில் விழுவதில்லை. அந்தச் சிறு கூட்டத்தின் குரல்தான் விழுகிறது.

1972-ல் என்ன பேசி முடித்தார்கள்?

போர் 1945-ல் முடிந்தும், பெய்ஜிங்குடன் உறவு ஏற்பட 27 ஆண்டுகள் ஆயின. 1951 சான்பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டுக்கு, சீனாவின் பெயரில் பெய்ஜிங்கிலும் தைவானிலும் இருந்த இரு அரசுகளில் எதுவும் அழைக்கப்படவில்லை. ஜப்பான் மறு ஆண்டே தைவானில் இருந்த அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போய் வந்த பிறகுதான் வழி திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானியப் பிரதமர் காகுவேய் தனாகா பெய்ஜிங் போனார். ஐந்தாம் நாள், செப்டம்பர் 29, கூட்டறிக்கை கையெழுத்தானது. போர் நஷ்டஈடு கேட்கும் உரிமையைச் சீனா கைவிட்டது. ஜப்பான் தைவானுடனான தூதரக உறவைத் துண்டித்தது. அடுத்த மாதம் உயேனோ மிருகக்காட்சி சாலைக்கு இரண்டு பாண்டாக்கள் வந்தன. அவற்றைப் பார்க்க டோக்கியோவே திரண்டது.

அவ்வளவு பெரிய போரை எப்படி ஐந்து நாளில் பேசி முடித்தார்கள்? முடிக்க முடியாதவற்றை ஒதுக்கி வைத்ததால்தான். என் பார்வையில், இன்றைய பூசல்கள் ஒவ்வொன்றும் அன்று ஒதுக்கி வைத்த ஏதோ ஒன்றிலிருந்தே கிளம்புகின்றன.

முதலில் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். நஷ்டஈடு வேண்டாம் என்பதைத் தம் மக்களுக்கு எப்படி விளக்குவது? சீனப் பிரதமர் சூ என்லாய் ஒரு வழி கண்டார். போர்க் குற்றம் ஒரு சில ராணுவவாதிகளுடையது. ஜப்பானிய மக்களும் அவர்களால் துன்பப்பட்டவர்களே. எனவே மக்களிடம் பணம் வசூலிப்பது நியாயமில்லை. பெருந்தன்மையான ஏற்பாடுதான். ஆனால் அது ஒரு கோட்டின் மேல் நின்றது: குற்றவாளிகள் ஒரு பக்கம், மக்கள் மறுபக்கம்.

1978 அக்டோபரில், டோக்கியோவின் யாசுகுனி ஆலயம் அந்தக் கோட்டை அழித்தது. ஜப்பானின் போர்களில் இறந்த 24 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தெய்வமாக வழிபடும் ஆலயம் அது. அங்கே உடல்கள் கிடையாது, பெயர்ப் பதிவுதான். அந்தப் பதிவில், முதல்நிலைப் போர்க் குற்றவாளிகள் 14 பேரின் பெயர்களும் ஓசையில்லாமல் சேர்க்கப்பட்டன. நான்ஜிங்கைக் கைப்பற்றிய படைகளின் தளபதி, அந்தப் படுகொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட இவானே மாட்சுய் அவர்களில் ஒருவர். செய்தி வெளியே தெரிய மறு ஆண்டு ஏப்ரல் ஆனது. பெயரை நீக்கச் சொல்லலாமே என்றால், மதமும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்ற போருக்குப் பிந்தைய அரசியல் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆலயமோ சேர்த்த ஆன்மாவைப் பிரிக்க முடியாது என்கிறது. பேரரசர் ஹிரோஹிதோ 1975-க்குப் பிறகு அங்கே போகவே இல்லை. (போருக்குப் பிந்தைய டோக்கியோ விசாரணையில் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பாலுக்கு அதே ஆலய வளாகத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. இந்தப் பூசலை வெளியாராக மட்டும் பார்க்க இந்தியர்களுக்கும் முடியாது.)

ஒரு பிரதமர் அங்கே போய்த் தலை வணங்கும்போது ஜப்பானியக் குடும்பம் ஒன்றுக்கு, போரில் மடிந்த தன் தாத்தாவை நாடு மறக்கவில்லை என்று தோன்றுகிறது. சீனர்களுக்கோ, 1972 ஏற்பாட்டின் அடித்தளத்தையே அவர் மிதிப்பதாகத் தோன்றுகிறது. நாகசோனே 1985-ல் போனார், கொய்சுமி 2001 முதல் 2006 வரை ஆண்டுதோறும் போனார், அபே 2013 டிசம்பரில் போனார். ஒவ்வொரு முறையும் உறவு உறைந்தது.

நஷ்டஈட்டுக்கு ஈடாக என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் 1979 முதல் ஜப்பான் சீனாவுக்கு வளர்ச்சி உதவி வழங்கத் தொடங்கியது. குறைந்த வட்டிக் கடனாகவே 3 லட்சம் கோடி யென்னுக்கு மேல் போனது. ரயில் பாதைகள், துறைமுகங்கள், மருத்துவமனைகள் எழுந்தன. 'இவ்வளவு கொடுத்தோம், பலமுறை மன்னிப்பும் கேட்டோம், இன்னும் எத்தனை காலம்?' என்பது ஜப்பானியரின் ஆற்றாமை. 'இவ்வளவு விட்டுக்கொடுத்தோம், மனதார வருந்தவில்லையே' என்பது சீனரின் ஆற்றாமை. 1989 தியானன்மென் சம்பவத்துக்குப் பிறகு பெய்ஜிங் நாட்டுப்பற்றுக் கல்வியைத் தீவிரமாக்கியதும், வரலாற்றைத் தனக்குத் தோதான நேரத்தில் வெளியே எடுப்பதும் உண்மை. அதற்காக அந்தத் துக்கமே தயாரிக்கப்பட்டது என்று சொல்வது அநியாயம்.

ஒதுக்கி வைத்தோமா, இல்லையா?

கட்டுரையின் தொடக்கத்தில் வந்த தீவுகளுக்குத் திரும்புவோம். ஜப்பான் சென்காகு என்றும், சீனா தியாவ்யூ என்றும் அழைக்கும் ஐந்து தீவுகளும் சில பாறைகளும் கிழக்குச் சீனக் கடலில் கிடக்கின்றன. மொத்தப் பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். 1895 ஜனவரியில் அமைச்சரவை முடிவு மூலம் ஜப்பான் அவற்றைத் தன்னுடன் இணைத்தது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றது. பிறகு ஒரு தொழிலதிபர் ஆட்களைக் குடியமர்த்தி, நம் மாசிக் கருவாடு போன்ற உலர்ந்த சூரை மீன் தயாரிக்கும் ஆலை நடத்தினார். 1940 வாக்கில் அதுவும் மூடப்பட்டது. 1960-களின் இறுதியில், அந்தக் கடலடியில் எண்ணெய் இருக்கலாம் என்று ஐ.நா. ஆதரவு ஆய்வு ஒன்று சொன்னது. 1971-ல் தைவானும் சீனாவும் உரிமை கோரின. எண்ணெய் வாசனை வந்த பிறகுதான் சீனாவுக்கு நினைவு வந்தது என்கிறது ஜப்பான். 1895 என்ற ஆண்டைப் பாருங்கள், போரில் எங்களிடமிருந்து பறித்ததுதானே என்கிறது சீனா.

1972-ல் தனாகா இந்தப் பேச்சை எடுத்தபோது, இப்போது வேண்டாம் என்று சூ என்லாய் தட்டிக்கழித்தார். 1978-ல் டோக்கியோ வந்த டெங், நம் தலைமுறைக்கு அறிவு போதவில்லை, அடுத்த தலைமுறை நம்மைவிட அறிவுள்ளதாக இருக்கும் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். சீனாவைப் பொறுத்தவரை, பிரச்சினையை ஒத்திவைக்க இருவரும் ஒப்புக்கொண்டதற்கு இவையே சான்று. ஜப்பானோ, ஒத்திவைக்க அங்கே பிரச்சினையே இல்லை, அப்படி எந்த ஒப்புதலும் தரவில்லை என்கிறது. ஆக, பிரச்சினையில் மட்டுமல்ல, அதைத் தள்ளிப்போட்டார்களா என்பதிலேயே அவர்களிடம் ஒத்த கருத்து இல்லை. நோடா தீவை வாங்கியதும் பெய்ஜிங் கொதித்ததற்கு வேர் இதுதான். ஜப்பானுக்கு அது உள்நாட்டுப் பத்திரப் பதிவு. சீனாவுக்கு அது வாக்கு மீறல்.

அதற்குப் பிறகு சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அந்தப் பகுதியை விட்டு நகரவில்லை. 2024-ல் மட்டும் 355 நாட்கள் தீவுகளை ஒட்டிய கடலில் அவை காணப்பட்டன. இஷிகாகி துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீனவருக்கு அவநம்பிக்கை என்பது தன் படகின் பின்னாலேயே வரும் ஒரு வெள்ளைக் கப்பல்.

மூன்றாவது முடிச்சு தைவான். 1972 அறிக்கையில், தைவான் தன் பிரிக்க முடியாத பகுதி என்ற சீனாவின் நிலைப்பாட்டை ஜப்பான் முழுமையாகப் புரிந்துகொண்டு மதிப்பதாக எழுதினார்கள். 'ஏற்கிறது' என்று எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் அரை நூற்றாண்டு ஓடியது.

2025 நவம்பர் 7 அன்று நாடாளுமன்ற பட்ஜெட் குழுவில், பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத பிரதமர் சனாயே தகாய்ச்சியிடம், எதிர்க்கட்சியின் கத்சுயா ஒகாதா தைவான் குறித்துக் கேள்வி எழுப்பினார். தைவான் விஷயத்தில் சீனா போர்க்கப்பல்களோடு ஆயுதப் பிரயோகமும் செய்தால், அது ஜப்பானின் 'உயிர்வாழ்வுக்கு ஆபத்தான நிலை' ஆகக்கூடும் என்றார் தகாய்ச்சி. 2015 பாதுகாப்புச் சட்டத்தில் இது சாதாரணச் சொற்றொடர் அன்று. அந்த நிலை வந்துவிட்டதாக அரசு முடிவு செய்தால், ஜப்பான் நேரடியாகத் தாக்கப்படாவிட்டாலும் அதன் படை சண்டையில் இறங்கலாம். முந்தைய பிரதமர்கள் தைவான் பெயரைச் சொல்லி இதை விளக்கியதில்லை.

ஜப்பானியர் பலருக்கு இது புவியியல். ஜப்பானின் யோனாகுனி தீவிலிருந்து தைவான் சுமார் 110 கிலோமீட்டர்தான். 2022 ஆகஸ்டில் சீனா தைவானைச் சுற்றி ஏவுகணைப் பயிற்சி நடத்தியபோது, ஐந்து ஏவுகணைகள் ஜப்பானின் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் விழுந்தன. சீனருக்கு இது வரலாறு. 1895 முதல் 1945 வரை தைவானை ஆண்ட நாடு அதைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் 'உயிர்வாழ்வு' என்று சொல்லிப் பேசுகிறது. மஞ்சூரியாவைப் பிடித்த காலத்தில் ஜப்பானிய அரசியல்வாதிகள் அதைத் தங்கள் 'உயிர்நாடி' என்றே அழைத்தார்கள்.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. ஒசாகாவில் இருந்த சீனத் துணைத் தூதரகத்தின் தலைவர் கழுத்தை வெட்டுவது பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதி, பிறகு நீக்கினார். ஜப்பானுக்குப் போகாதீர்கள் என்று பெய்ஜிங் தன் மக்களுக்கு அறிவுறுத்தியது. புகுஷிமா அணு உலையின் சுத்திகரித்த நீரைக் கடலில் விட்டதற்காக 2023-ல் நிறுத்தி, 2025 நடுவில்தான் ஓரளவு திறந்துவிட்டிருந்த கடல் உணவு இறக்குமதி மீண்டும் முடங்கியது. ஷாங்காய் மேடையில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானியப் பாடகி ஒருவரின் இசையும் விளக்கும் பாதிப் பாட்டில் அணைக்கப்பட்டன. டிசம்பர் 6 அன்று ஒகினாவாவுக்கு அருகே சீனப் போர் விமானங்கள் ஜப்பானிய விமானங்கள் மீது ரேடாரைக் குறிவைத்ததாக டோக்கியோ குற்றம் சாட்டியது. பயிற்சி பற்றி முன்கூட்டியே தெரிவித்தோம், நீங்கள்தான் குறுக்கே வந்தீர்கள் என்றது பெய்ஜிங்.

இவற்றின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு யாரோ. ஹொக்கைடோவின் சிப்பி வளர்ப்பவர் தைவானைப் பற்றி எதுவும் பேசியவர் அல்லர். 2024 செப்டம்பர் 18 அன்று, அதாவது மஞ்சூரியச் சம்பவத்தின் நினைவு நாளில், சென்ஜென் நகரில் ஜப்பானியப் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுவன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தான். குத்தியவரின் நோக்கத்தைச் சீன அரசு விளக்கமாக வெளியிடவில்லை. அந்த மௌனமே ஜப்பானியப் பெற்றோரின் பயத்தைப் பெருக்கியது. அதற்கு மூன்று மாதம் முன்பு சுஜோவில், ஜப்பானியப் பள்ளிப் பஸ்ஸில் ஏற முயன்ற கத்திக்காரனைத் தடுத்துத் தன் உயிரைக் கொடுத்தவர் ஒரு சீனப் பெண். பெய்ஜிங்கில் ஜப்பானியத் தூதரகம் அவருக்காகக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. சென்ஜென் பள்ளி வாசலிலும் உள்ளூர்க்காரர்கள் மலர்க்கொத்துகளோடு வந்து நின்றார்கள். இரு நாட்டு உறவைப் பற்றிப் பேசும் எவரும் இந்த மனிதர்களைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இத்தகைய உறைவு எப்படி விலகும்? 2012-க்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் விடை ஓரளவு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தலைவர்கள் முறையாகச் சந்திக்கவே இல்லை. 2014 நவம்பர் 7 அன்று ஜப்பானின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஷோதாரோ யாச்சியும் சீன வெளியுறவுத் துறையின் மூத்த தலைவர் யாங் ஜீச்சியும் நான்கு அம்சங்கள் கொண்ட ஓர் உடன்பாட்டை எட்டினார்கள். தீவுகள் உள்ளிட்ட கடற்பகுதியில் அண்மைக் காலத்தில் எழுந்த பதற்றம் பற்றி இரு தரப்புக்கும் மாறுபட்ட பார்வைகள் இருப்பதை அது பதிவு செய்தது. தீவின் உரிமை பற்றித் தகராறு இருப்பதை ஜப்பான் ஒப்புக்கொண்டுவிட்டது என்று சீனா தன் மக்களிடம் சொல்லிக்கொண்டது. பதற்றம் பற்றித்தான் மாறுபட்ட பார்வை, உரிமை பற்றி அல்ல என்று ஜப்பான் தன் மக்களிடம் சொல்லிக்கொண்டது. மூன்று நாள் கழித்து பெய்ஜிங்கில் ஷீ ஜின்பிங்கும் அபேயும் இறுகிய முகத்தோடு கைகுலுக்கினார்கள். 2018-ல் இரு படைகளும் கடலிலும் வானிலும் மோதிக்கொள்ளாமல் இருக்கத் தகவல் தொடர்பு ஏற்பாடு வந்தது. 2023-ல் இரு பாதுகாப்பு அமைச்சகங்களுக்கு இடையே நேரடித் தொலைபேசி இணைப்பு செயல்படத் தொடங்கியது.

ஒருவருக்கும் தோல்வியாகத் தெரியாத ஒரு வாசகத்தைக் கண்டுபிடிக்கும் அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். அது நம்பிக்கையை உண்டாக்குவதில்லை. நம்பிக்கை இல்லாதபோதும் பேசிக்கொள்ள இடம் தருகிறது. 2025 நவம்பர் பேச்சுக்கு அப்படி ஒரு வாசகம் எளிதில் அமையாது. பிரதமர் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்றது பெய்ஜிங். ஜப்பானின் நிலைப்பாட்டில் மாற்றமே இல்லை, எனவே திரும்பப் பெற எதுவும் இல்லை என்றது டோக்கியோ. 2026 ஜனவரியில் உயேனோவின் கடைசி இரண்டு பாண்டாக்களும் சீனாவுக்குத் திரும்பின. ஒப்பந்தக் காலம் எப்படியும் முடியவிருந்தது. ஆனால் அவற்றுக்குப் பதிலாகப் புதிய பாண்டாக்கள் எதுவும் அறிவிக்கப்படவில்லை.